ஏ.பி. லிட் எஸ்ஸே: அணியின் பெயர் சொன்னால் மார்க் வராது

அமெரிக்க ஹைஸ்கூலில் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கும், கல்லூரித் தரத்திலான 'ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) இங்கிலீஷ் லிட்டரேச்சர் அண்ட் காம்போசிஷன்' பாடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட எஸ்ஸேயில் ஆறுக்கு மூன்றிலேயே நின்றுவிடுகிறார்கள். கவிதை புரிந்திருக்கும். உவமை, உருவகம், முரண் எல்லாவற்றையும் சரியாகவே கண்டுபிடித்திருப்பார்கள். அந்த உருவகம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தமிழ் வீடுகளில் இது கூடுதலாக நடக்கிறது. பள்ளியில் 'நயம் பாராட்டுக' என்ற கேள்விக்கு மோனை நயம், எதுகை நயம், அணி நயம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எடுத்துக்காட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். பிள்ளைக்கு உதவ உட்காரும்போது அதே அச்சுதான் கைக்கு வரும். அந்த அமைப்பில் எழுதினால் ஏ.பி.யில் தேறுவது கடினம்.

முதலில் தேர்வு எப்படி என்று பார்த்துவிடலாம். மொத்தம் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் 55 மல்ட்டிபிள் சாய்ஸ் கேள்விகள். அதற்கு 45 சதவீதம். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மூன்று எஸ்ஸே. அதற்கு 55 சதவீதம். முதல் எஸ்ஸே ஒரு கவிதையைப் பற்றி, இரண்டாவது ஒரு கதைப் பகுதியைப் பற்றி, மூன்றாவது பிள்ளை ஏற்கெனவே படித்த ஒரு நாவலையோ நாடகத்தையோ வைத்து. ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி: தீசிஸுக்கு (எஸ்ஸே நிறுவப்போகும் மையக் கருத்து) 1, எவிடென்ஸும் (சான்று) கமெண்டரியும் (அதன் விளக்கம்) சேர்த்து 4, சொஃபிஸ்டிகேஷன் என்ற ஆழத்துக்கு 1.

அந்த நடு நாலில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசி ஒரு புள்ளி சிலருக்கே கிடைக்கும். அதைத் துரத்தி அலங்கார ஆங்கிலம் எழுதப் போய் நடு நாலில் கோட்டை விடுவதைத்தான் அதிகம் பார்க்கலாம். கவிதையிலிருந்து வரிகளை எடுத்துக்காட்டி, அவை சொல்வதையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொன்னால் நாலில் ஒன்று. நாலும் வேண்டுமென்றால் ஒவ்வொரு வாதத்துக்கும் குறிப்பான சான்று வேண்டும். அந்தச் சான்று வாதத்தை எப்படித் தாங்குகிறது என்று கடைசிவரை விடாமல் விளக்க வேண்டும். பொழிப்புரைக்கும் விளக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

ஓர் உதாரணம். ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட்டில் (சானெட் என்பது பதினான்கு வரிக் கவிதை) பேசுபவர் தன் முதுமையை இலையுதிர் காலத்தோடு ஒப்பிடுகிறார். கிளைகளில் தொங்குவது 'மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமில்லை, அல்லது சில' என்கிறார்.

மார்க் வராத வாக்கியம் இப்படி இருக்கும்: 'கவிஞர் இலையுதிர் காலத்தை முதுமைக்கு உருவகமாகப் பயன்படுத்தி வாசகர் மனத்தில் தெளிவான காட்சியை உண்டாக்குகிறார்.' இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உலகத்தில் எந்தக் கவிதைக்கு வேண்டுமானாலும் இதை ஒட்டிவைக்கலாம். எந்தக் கவிதைக்கும் பொருந்தும் வாக்கியத்தை அடித்துவிட வேண்டும்.

இப்போது அந்த வரியின் வரிசையைப் பாருங்கள். இலை உதிர்வதென்றால் நிறைய, சில, ஒன்றுமில்லை என்றுதானே இறங்க வேண்டும்? இங்கே 'ஒன்றுமில்லை' வரை போய்விட்டு 'சில'வுக்குத் திரும்புகிறது. மார்க் வரும் வாக்கியம் இதைப் பிடிக்கும்: 'வெறுமையை ஒப்புக்கொண்ட குரல் மறுகணமே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று திருத்திக்கொள்கிறது, தன் முதுமையை ஏற்பதிலேயே அவருக்குத் தயக்கம் இருக்கிறது.' உருவகம் என்ற சொல்லே இதில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த பத்தியில் இந்தத் தயக்கம் வளர வேண்டும். அதே சானெட்டில் முதல் நான்கு வரியில் ஒரு பருவம், அடுத்த நான்கில் ஓர் அந்திப்பொழுது, அதற்கடுத்த நான்கில் அணையப்போகும் தணல். காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மூன்று படிமங்களையும் மூன்று பத்தியாகத் தனித்தனியே எழுதினால் அது பட்டியல். 'முதலில் தயங்கியவருக்குத் தயங்கவும் நேரமில்லாமல் போகிறது' என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் அது வாதம். மார்க் போடும் அளவுகோலான ரூப்ரிக்கில் 'லைன் ஆஃப் ரீசனிங்' என்று சொல்வது இதைத்தான்.

தீசிஸ் புள்ளி சுலபமானது. கேள்வியையே திருப்பி எழுதினால் மட்டும் கிடைக்காது. கேள்வியில் 'காம்ப்ளெக்ஸ்' என்ற சொல் அடிக்கடி வரும். ஒன்றோடொன்று இழுபறியாக இருக்கும் இரண்டு உணர்வுகளைத் தேடு என்று அதற்குப் பொருள். 'பேசுபவர் முதுமையைக் கண்டு வருந்துகிறார்' என்பது ஒற்றைப் பக்கம். 'முதுமையை ஏற்கத் தயங்குகிறவரே, அந்த முதுமையைக் காட்டித்தான் எதிரில் இருப்பவரின் அன்பைக் கூட்டப் பார்க்கிறார்' என்பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

கவிதையை வரி வரியாக அல்ல, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். வரி முடிகிற இடத்திலெல்லாம் நிறுத்திப் படிப்பதால்தான் பாதிக் கவிதை புரியாமல் போகிறது. முற்றுப்புள்ளி எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு 'பட்', 'யெட்' போன்ற சொற்கள். பெரும்பாலும் கவிதை திரும்புகிற இடம் அங்கேதான் இருக்கும். பேசுபவரைக் கவிஞர் என்று எழுதக் கூடாது, 'ஸ்பீக்கர்' என்றே எழுத வேண்டும். மேற்கோள் மூன்று முதல் ஐந்து சொல் போதும், அதுவும் சொந்த வாக்கியத்துக்குள் பொதிந்து வர வேண்டும். நான்கு வரியை அப்படியே தூக்கிப் போட்டால் திருத்துகிறவருக்கு எந்தச் சொல்லைப் பார்ப்பதென்று தெரியாது.

ஓர் எஸ்ஸேவுக்கு 40 நிமிடம். பத்து நிமிடம் படித்துக் குறிப்பெடுக்க, இருபத்தைந்து எழுத, ஐந்து திரும்பப் பார்க்க. பிள்ளைகள் முதல் பத்து நிமிடத்தைத்தான் திருடுவார்கள். பிறகு இரண்டாம் பத்தி எழுதும்போது கவிதையின் கடைசி வரி தீசிஸை மறுக்கிறதென்று தெரிய வரும். ஐந்து பத்தி கட்டாயமில்லை. முன்னுரையில் கவிதையின் பெருமையெல்லாம் வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும். திருத்துகிறவர்கள் இதை முதல் பிரதியாகத்தான் பார்ப்பார்கள். ஓரிரு இலக்கணப் பிழைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கதைப் பகுதிக்கும் இதே முறைதான். 500 முதல் 700 சொல் வரை இருக்கும். கதை சொல்லும் குரல் யாருடையது, அவருக்கு எது தெரியவில்லை என்பதில் கண் வைத்தால் போதும்.

மூன்றாவது எஸ்ஸேயில் கையில் எந்தப் பிரதியும் இருக்காது. ஒரு கருத்தைக் கொடுத்து, நீளமான நூல் பட்டியலும் கொடுப்பார்கள். பட்டியலில் இல்லாததையும் எழுதலாம். இங்கே எல்லோரும் விழும் குழி கதைச் சுருக்கம். பத்து நாவலை மேலோட்டமாகத் தெரிந்திருப்பதைவிட நான்கைக் கரைத்துக் குடித்திருப்பது மேல். ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கு: ஒரு நாடகம், ஒரு பழைய நாவல், ஒரு இருபதாம் நூற்றாண்டு நாவல், இன்னொன்று பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: பாத்திரங்களின் பெயர் சரியான எழுத்துக்கூட்டலோடு, நுணுக்கமாக நினைவிருக்கும் ஆறு காட்சிகள், மீண்டும் மீண்டும் வரும் ஒரு பொருள், முடிவு. மேற்கோளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காட்சியில் யார் கதவை மூடினார், யார் பதில் சொல்லாமல் நின்றார் என்ற அளவுக்கு நினைவிருந்தால் அதுவே சான்று.

மல்ட்டிபிள் சாய்ஸில் ஐந்து பகுதிகள், ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். தவறான விடைக்கு மார்க் குறையாது, எதையும் காலியாக விடக் கூடாது.

2025 முதல் தேர்வு முழுவதும் கணினித் திரையில், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில்தான். பேப்பரில் கோடு போட்டுப் படித்த பிள்ளைக்குத் திரையில் கவிதை வழுக்கிக்கொண்டு போகும். ஹைலைட் செய்யவும் குறிப்பு எழுதவும் அதிலேயே வசதி இருக்கிறது. மே மாதத் தேர்வுக்கு முன் குறைந்தது மூன்று முழு எஸ்ஸேயாவது அப்படியே திரையில் படித்து, கடிகாரம் வைத்துத் தட்டச்சு செய்து பார்க்கட்டும்.