இரண்டில் எது? ஒளிப்படங்களை இணை இணையாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தியது

நான் எடுத்த ஒளிப்படங்களில் 20-ஐப் பொறுக்கி, எது எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று கணக்கிடும் வேலை இப்போது நல்ல நிலைக்கு வந்திருக்கிறது. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் போட்ட ஏழும் இரவில் போட்ட ஏழும் ஒரே அளவல்ல. இரண்டு படங்களை அருகருகே வைத்தால் பதில் சட்டென்று வருகிறது. 20 படங்களுக்கு 190 இணைகள். ஒரு சுற்று முழுதாக முடித்தேன்.

இந்தப் பதில்களை எண்களாக்க எடுத்துக்கொண்டது, புள்ளியியலாளர்கள் பிராட்லியும் டெர்ரியும் 1952-இல் வெளியிட்ட கணித மாதிரி. (சதுரங்கப் போட்டிகளுக்காக 1929-இலேயே கணிதவியலாளர் செர்மெலோ இதே கணக்கைப் போட்டிருக்கிறார்.) ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வலு உண்டு, ஒரு படம் வெல்லும் நிகழ்தகவு, அதன் வலுவை இரு படங்களின் வலுக்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும். வலுவின் இயல் மடக்கையில் வித்தியாசம் 1 என்றால் வெற்றிவாய்ப்பு ஏறத்தாழ 73 சதவீதம்.

இந்த வலுக்களைக் கணக்கிடும் கணினி நிரலை ஓட்டியபோது ஒரு படத்தின் வலு மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அந்தப் படம் ஓர் ஒப்பீட்டிலும் தோற்கவில்லை. அதன் வலுவுக்கு மேல் எல்லை வைக்கத் தரவில் எதுவுமே இல்லை என்பதுதான் காரணம். எல்லா வலுக்களும் ஓர் எல்லைக்குள் நிற்க 1957-இல் கணிதவியலாளர் ஃபோர்டு சொன்ன நிபந்தனை இதுதான்: படங்களை எப்படி இரண்டு குழுக்களாகப் பிரித்தாலும், ஒவ்வொரு குழுவிலும் ஏதாவது ஒரு படம் எதிர்க்குழுவில் ஒன்றையாவது வென்றிருக்க வேண்டும். கணிதத்தில் இவ்வளவு தெளிவான நிபந்தனை கிடைப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தீர்வும் எளிது. கற்பனையாக ஒரு படத்தைச் சேர்த்து, ஒவ்வொரு படமும் அதனுடன் ஒரு முறை வென்று ஒரு முறை தோற்றதாக வைத்தேன். எண்கள் உடனே அடங்கின.

பிறகு, இடப்பக்கம் வைத்த படத்துக்குக் கிடைக்கும் சாதகத்தை அளக்க, மடக்கை அளவில் கூட்டும் தனி எண் ஒன்றை மாதிரியில் சேர்த்தேன். அதன் மதிப்பு 0.3 வந்தது. அதாவது சம வலுவுள்ள இரண்டு படங்களில் இடப்பக்கம் இருப்பதை 57 சதவீதம் தேர்ந்தெடுக்கிறேன்! என் ரசனையைத் தேடப்போய் என் கண்ணின் பழக்கம் அகப்பட்டது.

முதல் மூன்று இடங்களின் வித்தியாசம் திட்டப் பிழையைவிட (கணித்த எண் எவ்வளவு தள்ளாடக்கூடும் என்பதன் அளவு) சிறியது. ஆகவே அவற்றுள் எது முதல் என்று இந்தத் தரவை வைத்துச் சொல்லவே மாட்டேன். வெற்றிவாய்ப்பு பாதிக்குப் பாதியாக இருக்கும் இணையே அதிகத் தகவல் தரும் என்பதால், அடுத்த சுற்றில் நெருக்கமான இணைகளை மட்டும் பக்கம் மாற்றி வைத்துக் கேட்கப்போகிறேன். 'இரண்டும் சமம்' என்ற பதிலையும் அனுமதிப்பேன். அதற்கு இதே மாதிரிக்குப் புள்ளியியலாளர் டேவிட்சன் 1970-இல் தந்த விரிவாக்கம் இருக்கிறது.