ஆர்கன் எண்ணெயைச் சோடாவுக்குத் தின்னக் கொடுக்காதீங்க

மொராக்கோவுல விளையிற ஆர்கன் கொட்டையோட எண்ணெயில இருக்குற கொழுப்பு அமிலங்கள்ல ஒலிக் அமிலம் 43 முதல் 49 சதவீதம், லினோலிக் அமிலம் 29 முதல் 36 சதவீதம். நம்ம செக்குக் கடலை எண்ணெயும் பெரும்பாலும் அதே வட்டாரந்தான். ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்கத் தேவைப்படுற காஸ்டிக் சோடாவும் ரெண்டுக்கும் 0.136 கிராம் சுமாருக்கு வரும். அதனால 500 கிராம் கலவையில 50 கிராம் ஆர்கனை ஊத்தி வேக வெக்காம செய்யிற சாதாரணக் குளிர்முறைச் சோப்பு போட்டா, கடலெண்ணெய்ச் சோப்புக்கும் அதுக்கும் கையில வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். சோடாவுக்கு எண்ணெய் விலை தெரியாதுங்க. மொராக்கோவோட தென்மேற்குல கொட்டையைக் கல்லுல வெச்சு ஒவ்வொண்ணா உடைச்சு, லிட்டருக்கு ரெண்டரை மூணு கிலோ பருப்பு ஆட்டி எடுக்கிற சரக்கு அது. மொதல்ல முகத்துக்கு வெச்சுக்கிட்டு, மிச்சம் இருந்தா சோப்புக்கு வாங்க.

'ட்ரேஸ் (கலவை கெட்டியாகுற பதம்) வந்தப்புறம் கடைசியா ஊத்தினா ஆர்கன் அப்படியே தங்கும்'னு நெறையப் பேர் சொல்றாங்க. தங்காது. கலவை கெட்டியாகுற நேரத்துல சோடா இன்னும் முழுசா வேலையை முடிச்சிருக்காது. அதுக்கப்புறம் விழுற எண்ணெயையும் மத்ததோட சேர்த்தே பிடிச்சுக்கும். உண்மையிலேயே தங்கணும்னா, சோடா வேலையை முடிச்சப்புறம் ஆர்கனைச் சேர்க்குற வேகவெச்ச சோப்புதான் வழி.

தேங்காயெண்ணெய் 225 கிராம், கடலெண்ணெய் 250, விளக்கெண்ணெய் 25, காஸ்டிக் சோடா 76, தண்ணி 190. வெந்தப்புறம் சேர்க்க ஆர்கன் 20 கிராம். மில்லி, டம்ளர் கணக்கு வேண்டாம், எல்லாமே தராசுல. மார்கழியில காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் டின்னுக்குள்ள உறைஞ்சு கிடக்கும். மேலாக்கச் சுரண்டி எடுக்காம முழுசா உருக்கிக் கலக்கிட்டு நிறுங்க.

தண்ணியிலதான் நம்ம பக்கம் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. போர்த் தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து கரையாத பிசுக்காயிரும். இரும்பு, தாமிரம் துளி இருந்தாலும் எண்ணெயைச் சீக்கிரம் காற வெச்சிரும். சிறுவாணித் தண்ணி குடிக்க நல்லா இருக்கும், ஆனா சோப்புக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

எவர்சில்வர் போசியில தண்ணியை வெச்சு, சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணிக்குள்ள போடுங்க. தண்ணியைச் சோடா மேல ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கமே வரக்கூடாது, சோடா அதை அரிச்சு ஹைட்ரஜன் வாயு கிளப்பும். கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூணும் வேணும், குழந்தைக அந்தப் பக்கம் வராம பாத்துக்கங்க.

சோடாத் தண்ணி 45 டிகிரிக்கு ஆறினப்புறம் எண்ணெயில ஊத்தி, ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்க. தூக்கிப் பாத்தா வழியிற கோடு மேலாக்க ஒரு நொடி நிக்கணும். அப்புறம் கலவை இருக்குற போசியை அடுப்புல இருக்குற இன்னொரு வெந்நீர்ப் பாத்திரத்துல இறக்கி மூடிடுங்க. மொதல்ல ஓரத்துல பொங்கும், நடுவுல எண்ணெய் பிரிஞ்ச மாதிரி இருக்கும், பயப்படாம கிளறுங்க. ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துல வெள்ளைத் திட்டு எல்லாம் போயி, வாசலின் மாதிரிக் கண்ணாடித்தனமா ஆகும். அடுப்பை அணைச்சு, 75 டிகிரிக்குக் கீழ வந்தப்புறம் ஆர்கன் 20 கிராமையும் ஊத்திக் கிளறி, அச்சுல அமுக்கிக் கொட்டுங்க. ரொம்ப ஆறவிட்டா அமுங்காது, உள்ள பொந்து விழும். மறுநாள் வெட்டலாம், ஆனா மூணு நாலு வாரம் காத்தோட்டத்துல காயட்டும். ஐப்பசி மழையில மேல முத்து முத்தா வேர்த்தா அது கிளிசரின் ஈரத்தை இழுக்கிறது, கெட்டுப்போனதில்ல.

கெட்டுப்போறது வேற மாதிரி. ஆரஞ்சு நிறப் புள்ளி வரும், காறல் வாடை அடிக்கும். லினோலிக் அதிகமுள்ள எண்ணெய் ஏறினாலும், பழைய எண்ணெய் ஊத்தினாலும் இதுதான் கதி. அதனால ஆர்கனை 5 சதவீதத்துக்கு மேல ஏத்த வேண்டாம், இது காசுக்காக மட்டும் சொல்றதில்ல.

வாங்கும்போது பாட்டில்ல 'அர்கானியா ஸ்பினோசா கர்னல் ஆயில்'னு ஒரே ஒரு பேர்தான் இருக்கணும். டைமெத்திகோன்ங்கிற சிலிகோன் முதல்ல வந்து ஆர்கன் கடைசியில எட்டிப் பாக்குதுன்னா அது தலைக்குப் போடுற சிலிகோன் சீரம். அதை எண்ணெய்னு நெனச்சு சோடாக் கணக்கு போட்டா சிலிகோன் சோப்பாகாது, சோடா மிஞ்சும், தோல் எரியும். வறுத்த வாசம் தூக்கலா வந்தா அது சமையலுக்கு ஆட்டினது. தோலுக்குப் போடுறது வெளிர் தங்க நிறத்துல, லேசான பருப்பு வாசத்தோட இருக்கும்.

முகத்துக்கு இதோட பெருசா எதுவுமே கலக்க வேண்டாம். பழுப்பு நிறப் பாட்டில்ல 30 மில்லி, குளிச்ச ஈரத்தோட மூணு சொட்டு. புதுசா போடுறவங்க முழங்கை மடிப்புல ஒரு நாள் தடவிப் பாக்கட்டும், கொட்டைப்பருப்பு ஒத்துக்காதவங்க விட்டுடுங்க.

குதிகால் வெடிப்புக்கு ஒரு தைலம்: தேன்மெழுகு 15 கிராம், தேங்காயெண்ணெய் 25, ஆர்கன் 20. மெழுகையும் தேங்காயெண்ணெயையும் வெந்நீர்மேல உருக்கி இறக்கினப்புறம்தான் ஆர்கன். ஆனா ஆர்கனை ஜில்லுன்னு ஊத்தினா மெழுகு பொறிப் பொறியா உறைஞ்சிரும். பாட்டிலோட கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணியில வெச்சிட்டு ஊத்துங்க. இந்த அளவு தை மாசத்துக்குச் சரி. சித்திரையில ஈரோட்டு வெயிலுக்கு டப்பாவுக்குள்ள கொழகொழன்னு ஆயிரும், அப்ப மெழுகை 18 ஆக்கி தேங்காயெண்ணெயை 22 ஆக்கிக்குங்க. ஒரம்பரைக்குக் கொடுத்தனுப்புறதா இருந்தா டப்பா மேல தேதியை எழுதி, ஆறு மாசத்துக்குள்ள தீர்க்கச் சொல்லுங்க.