பல்லிக்கு எதற்கு வைஃபை?

ஒருவழியாக இன்று வீட்டு இன்டர்நெட் இணைப்பை விட்டாயிற்று. வாங்கும்போது அரை நாளில் வந்து மாட்டினார்கள். விடுவதற்கு 16 நாள்.

கஸ்டமர் கேரில் ஐந்து பேர் "ஏன் சார் வேண்டாங்கிறீங்க?" என்று கேட்டார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போகிறோம் என்று ஐந்து பேரிடமும் சொன்னேன். கடைசியாகப் பேசிய பெண், "அப்ப ரெண்டு மாசம் பாதி விலைக்குத் தர்றோம் சார்" என்கிறார். பூட்டிய வீட்டில் பல்லி பார்க்கவா? பாவம், அவருக்கு என்ன டார்கெட்டோ.

இன்று ஒரு தம்பி வந்து மோடத்தைக் கழற்றினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று சதுரமாகத் தெரிகிறது, ஓரமெல்லாம் ஒட்டடை. "அடாப்டர் எங்க சார்? இல்லாட்டி டெபாசிட்ல பிடிச்சுக்குவாங்க." கட்டி வைத்த மூன்று அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தேடி எடுத்தேன். சாமானை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டேன். "மெசேஜ் வரும் சார்" என்றார். விடவில்லை, வெள்ளைத்தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

டெபாசிட்டை 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. காலண்டரில் வட்டம் போட்டாயிற்று. அப்புறம் கடைசி பில். பத்து நாளுக்கு முழு மாத வாடகை, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அந்தச் சண்டை நாளைக்கு.

இந்தப் பதிவு பக்கத்து வீட்டு வைஃபையில் போட்டது.