பிரேக் இன் சர்வீஸ், 1799

ஊழியர்களின் சம்பளம், சீனியாரிட்டி பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால்கூட ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். சீனியாரிட்டி லிஸ்டில் ஓர் இடம் இறங்கினால் விடமாட்டார்கள். அமெரிக்கக் கடற்படை தொடங்கிய கதையைப் படித்தபோது எங்கள் செக்‌ஷன் ஃபைல்தான் ஞாபகம் வந்தது.

1794 மார்ச் 27-ஆம் தேதிச் சட்டம் ஆறு போர்க்கப்பல்களுக்கு அனுமதி தந்தது. சம்பளமும் அதிலேயே இருக்கிறது. கேப்டனுக்கு மாதம் 75 டாலர், நாளுக்கு ஆறு ரேஷன். லெப்டினன்ட்டுக்கு 40 டாலர், மூன்று ரேஷன். தச்சருக்கு 14 டாலர், இரண்டு ரேஷன். ரேஷன் என்றால் எவ்வளவு என்பதையும் கிழமைவாரியாகச் சொல்லிவிட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை ஒரு பவுண்டு ரொட்டி, ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, அரை பைன்ட் அரிசி. தினமும் அரை பைன்ட் சாராயம், இல்லாவிட்டால் கால் கேலன் பீர். மாலுமிகளுக்கு மட்டும் தனித்தனித் தொகை கிடையாது. ஜனாதிபதி பார்த்து நிர்ணயிக்கலாம். கீழ்மட்டம் மொத்தத்துக்கும் மாதம் 27,000 டாலரைத் தாண்டக்கூடாது. கடைநிலை ஊழியர் என்று வந்தால் எங்கேயும் இப்படித்தான் போல.

சரி, பணத்தில் வில்லங்கம் இல்லை. ஆறு கேப்டன்களை வரிசைப்படுத்தியதில்தான் வந்தது. மூன்றாவது இடம் சைலஸ் டால்பட்டுக்கு, நான்காவது ஜோஷுவா பார்னிக்கு. தரைப்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவருக்குக் கீழே நிற்பதா என்று பார்னி வேலையே வேண்டாம் என்றுவிட்டார். ஆறாவது, தாமஸ் ட்ரக்ஸ்டன்.

கப்பல் கட்டக் காரணமே வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர்தான். அப்புறம் அல்ஜியர்ஸோடு சமாதானம் ஆனது. 1796-ல் மூன்று கப்பல் போதும் என்றார்கள். டால்பட் வீட்டுக்குப் போனார், ட்ரக்ஸ்டன் தொடர்ந்தார். 1798-ல் பிரான்ஸோடு சண்டை மூண்டதும் டால்பட்டைத் திரும்ப எடுத்தார்கள். அவருடைய சர்வீஸை 1794-லிருந்து எண்ணுவதா, மறுநியமனத்திலிருந்தா? ஜனாதிபதி ஆடம்ஸ் 1794 என்று முடித்தார். அப்படியானால் டால்பட் ட்ரக்ஸ்டனுக்கு மேலே. 1799 பிப்ரவரியில்தான் பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பிடித்திருந்த ட்ரக்ஸ்டன், அதே ஆண்டு ராஜினாமா கொடுத்தார்.

நான் நோட் போட்டிருந்தால் ட்ரக்ஸ்டன் பக்கம்தான் போட்டிருப்பேன். ஆட்குறைப்பு டால்பட்டின் குற்றமில்லைதான். ஆனால் வேலையில் இல்லாத இடைவெளியை, அதாவது பிரேக் இன் சர்வீஸை, கணக்கில் சேர்ப்பதானால் திரும்ப எடுக்கும் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். ஆள் கப்பலேறிய பிறகு அல்ல.

சமாதானம் பேசி ட்ரக்ஸ்டனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1802-ல் ஒரு கப்பல் அணிக்குத் தலைமை தாங்கி மத்தியதரைக் கடலுக்குப் போகச் சொன்னபோது, தன் கப்பலை நடத்தத் தனியாக ஒரு கேப்டன் வேண்டும், இல்லாவிட்டால் விலகுகிறேன் என்று எழுதினார். இந்த முறை ராஜினாமாவாகவே எடுத்துக்கொண்டார்கள்.