செருபாபேலுக்கு எத்தனை அப்பா?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் சர்ச்சில் நடந்த வேத வினாப் போட்டியில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் முதல் பரிசு கைவிட்டுப் போனது. கேள்வி இதுதான்: செருபாபேலின் தகப்பன் யார்? பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்களின் தலைவன்தான் இந்தச் செருபாபேல். நான் பெதாயா என்று எழுதினேன், திருத்தியவர் வைத்திருந்த தாளில் சலாத்தியேல் என்று இருந்தது. விடுவேனா, 1 நாளாகமம் 3:19ஐத் திறந்து காட்டினேன். பெதாயாவின் குமாரர் செருபாபேல், சிமேயி என்று தெளிவாக இருக்கிறது. அந்த அண்ணன் அசரவில்லை, ஆகாய் முதல் அதிகாரம் முதல் வசனத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். அங்கே செருபாபேல் சலாத்தியேலின் மகன். "சரி தம்பி, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் இந்த வம்ச வரலாறு பைத்தியம். மற்றவர்கள் தாண்டிப் போகிற அத்தியாயங்களை நான் பேனா பேப்பரோடு உட்கார்ந்து படிப்பேன்.

முதலில் அந்த ஒரு மதிப்பெண் விஷயம். நாளாகமத்தில் இரண்டு வசனம் மேலே போய்ப் பார்த்தால் சலாத்தியேலும் பெதாயாவும் அண்ணன் தம்பிகள், இருவரும் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ராஜா எகோனியாவின் பிள்ளைகள். அப்படியென்றால் சலாத்தியேல் செருபாபேலுக்குப் பெரியப்பா. தமிழில் இதைச் சொல்லும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடுகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் நம் மொழியில் அப்பாவின் அண்ணனும் ஒரு வகையில் அப்பாதான், தம்பி பையனை அவர் "என் மகன்" என்று நாலு பேருக்கு அறிமுகம் செய்தால் யாரும் திருத்தப் போவதில்லை. ஆனால் எபிரெயப் பட்டியல் நம் வீட்டு உறவுமுறையை வைத்து எழுதப்பட்டதல்ல, அதற்கு அதன் சொந்தச் சட்டம் இருக்கிறது.

அந்தச் சட்டம் உபாகமம் 25இல் இருக்கிறது. ஒருவன் பிள்ளையில்லாமல் செத்தால் அவன் சகோதரன் அந்த விதவையை மணக்க வேண்டும், பிறக்கும் தலைப்பிள்ளை செத்தவன் பேரில் நிற்கும். ஆக, சலாத்தியேல் வாரிசில்லாமல் இறந்து, தம்பி பெதாயா அண்ணியை மணந்து, பிறந்தவன் செருபாபேல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வசனமும் சரி. அல்லது சலாத்தியேலுக்குப் பிள்ளையில்லாததால் அரச வாரிசுரிமை தம்பி மகனுக்குப் போயிருக்கலாம். இரண்டும் நடக்கக்கூடியதே. ஆனால் நடந்தது என்று வேதத்தில் எங்கும் எழுதவில்லை, நாமாக இட்டு நிரப்புவது அது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் சில கைப்பிரதிகளில் அதே நாளாகம வசனத்தில் பெதாயா இருக்க வேண்டிய இடத்தில் சலாத்தியேல் இருக்கிறது. என்னைப் போலவே யாரோ ஒருவர் இதைப் பார்த்துத் தலையைச் சொறிந்து, பேசாமல் திருத்திவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இந்த மைத்துனன் சட்டத்தை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக வைத்துக்கொள்கிறவர்களிடம் நான் கேட்பது ரூத்தைப் பற்றி. போவாஸ் விதவையான ரூத்தை மணக்கும்போது, அவளுடைய செத்துப்போன கணவன் மக்லோனின் பெயரை நிலைநிறுத்தவே இதைச் செய்கிறேன் என்று ஊர்வாசலில் சாட்சி வைத்துச் சொல்கிறான். பிள்ளை பிறக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மக்லோனின் தாய் நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்று கொண்டாடுகிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசியில் வரும் பட்டியலில் என்ன இருக்கிறது? "போவாஸ் ஓபேதைப் பெற்றான்." மக்லோன் காணோம்! இயேசுவின் வம்சப் பட்டியல் உள்ள மத்தேயு முதல் அதிகாரத்திலும் காணோம். எந்தப் பெயரைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்டார்களோ அந்தப் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. ஆக, ஒரே பிள்ளையை மூன்று பேருடைய பிள்ளை என்று சொல்ல அந்தச் சமூகத்தில் இடமிருந்தது என்பது நிச்சயம், ஆனால் பட்டியல் எழுதுகிறவர் அதில் யாரை எடுப்பார் என்பதற்கு நிலையான விதி கிடையாது.

"பெற்றான்" என்ற சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. யோராம் உசியாவைப் பெற்றான் என்கிறார் மத்தேயு. நாளாகமத்தில் இருவருக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். அவருக்குத் தலைமுறைகள் பதினான்கு பதினான்காக மூன்று கட்டு வேண்டும், அதற்குப் பெயர்களை விட்டிருக்கிறார். தாவீது என்ற பெயரின் எபிரெய எழுத்துகளுக்கு எண் போட்டால் 4, 6, 4, கூட்டினால் 14, காரணம் அதுவாக இருக்கலாம் என்பார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அப்புறம் பெரிய பூதம். மரியாளின் கணவன் யோசேப்பின் அப்பா மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மத்தேயு தாவீதிலிருந்து அவன் மகன் சாலொமோன் வழியாக வருகிறார், லூக்கா இன்னொரு மகன் நாத்தான் வழியாகப் போகிறார். இதற்கு மூன்றாம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஒரு விளக்கம் எழுதினார், அதை யூசேபியுஸ் தன் திருச்சபை வரலாற்றின் முதல் புத்தகத்தில் எடுத்து வைத்திருக்கிறார். எஸ்தா என்று ஒரு பெண். சாலொமோன் வழிவந்த மாத்தானை மணந்து யாக்கோபைப் பெறுகிறாள். மாத்தான் இறந்தபின் நாத்தான் வழிவந்த மெல்கியை மணந்து ஏலியைப் பெறுகிறாள். ஏலி பிள்ளையில்லாமல் சாக, யாக்கோபு அவன் மனைவியை மணந்து யோசேப்பைப் பெறுகிறான். இரத்தத்தால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன். தாய் ஒன்று, தகப்பன் வேறு என்று ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? யாக்கோபும் ஏலியும் ஒரே தகப்பனின் பிள்ளைகளாக இருந்தால் தாத்தா ஒருவராகிவிடுவார், அதற்கு மேல் இரண்டு பட்டியலும் ஒன்றாகியிருக்க வேண்டும். அதனால்தான் எஸ்தா தேவைப்படுகிறாள். புத்திசாலித்தனமான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் நம் கையிலுள்ள லூக்காவில் ஏலிக்கும் மெல்கிக்கும் நடுவில் மாத்தாத், லேவி என்று இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஆனாலும் எனக்கு ஆப்பிரிக்கானுஸைப் பிடிக்கும். இதற்குச் சாட்சி இல்லாவிட்டாலும் இதைவிட நல்லதொன்று சொல்ல என்னிடம் இல்லை என்று அவரே எழுதிவிடுகிறார். இன்றைக்குப் பிரசங்கங்களில் இதே விளக்கம் வரும், அந்த ஒரு வரி மட்டும் வராது.

லூக்காவில் இருப்பது மரியாளின் வம்சம், ஏலி யோசேப்புக்கு மாமனார் என்பது இன்னொரு விளக்கம். எனக்கு ஒட்டவில்லை. லூக்கா அந்த இடத்தில் மரியாள் பேரையே எடுக்கவில்லையே.

இந்த எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது எகோனியாவின் கதைதான். எரேமியா 22இல் இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள் என்று வாக்கு வருகிறது. லூக்கா சலாத்தியேலை நேரியின் மகன் என்பதால், எகோனியாவுக்குப் பிள்ளையே இல்லை, நேரியின் மகனைத் தத்தெடுத்தான் என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். அங்கேதான் களிமண் பலகைகள் வருகின்றன. பாபிலோன் அரண்மனை அகழாய்வில் கிடைத்து, 1939இல் வெய்ட்னர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட படிக்கணக்குகள் அவை. ஒருவகையில் ரேஷன் கடை ரிஜிஸ்டர். யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு இவ்வளவு எண்ணெய், அவன் ஐந்து மகன்களுக்கு இவ்வளவு எண்ணெய் என்று எழுதியிருக்கிறது, ஒரு பலகையின் தேதி கி.மு. 592. யோயாக்கீன், எகோனியா, கோனியா எல்லாம் ஒரே ஆள்தான். ஐந்து பிள்ளைக்கு எண்ணெய் வாங்கியவன் சந்தானமற்றவனா? வசனத்தை முழுசாகப் படித்தால் விடை அங்கேயே இருக்கிறது. அவன் வித்தில் எவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்து வாழ்வதில்லை என்பதுதான் பேச்சு, பிள்ளை பிறக்காது என்பதல்ல. அதே அதிகாரத்தில், நீ என் வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. கி.மு. 520இல் தீர்க்கதரிசி ஆகாய் அதே மோதிரத்தை எடுத்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று பேரன் செருபாபேலிடம் சொல்கிறார். தாத்தாவிடம் கழன்றது பேரனிடம் ஏறுகிறது. இதைப் பார்த்தபின் பெதாயாவா சலாத்தியேலா என்ற சண்டை எனக்குக் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிந்தது.

சிக்கல் முழுசாகப் போகவில்லை என்பதும் உண்மை. செருபாபேலின் மகன் மத்தேயுவில் அபியூத், லூக்காவில் ரேசா. நாளாகமப் பட்டியலில் இரண்டு பேருமே இல்லை. ரேசா என்பது பெயரே அல்ல, தலைவன் என்ற அரமேயப் பட்டம், செருபாபேலுக்கு உரியது, யாரோ தனி ஆளாக எண்ணிவிட்டார்கள் என்று ஒரு ஊகம் உண்டு. அப்படியானால் லூக்காவில் அடுத்து வரும் யோவன்னா நேராகச் செருபாபேலின் மகன் ஆகிறான், நாளாகமத்தில் செருபாபேலுக்கு அனனியா என்று ஒரு மகன் இருக்கிறான், எபிரெயத்தில் இரண்டு பெயரும் ஒரே இரண்டு துண்டுகளை இடம் மாற்றிப் போட்டது, நம் சுந்தரராஜனும் ராஜசுந்தரமும் மாதிரி. அழகாகப் பொருந்துகிறது. இவ்வளவு அழகாகப் பொருந்துவதே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அபியூதுக்கு இந்த வழியும் கிடையாது.

அந்த வினாத்தாளில் அதற்கு அடுத்த கேள்வி, சலாத்தியேலின் தகப்பன் யார் என்பது. நான் எகோனியா என்று எழுதினேன், முழு மதிப்பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நேரி என்று எழுதி, திட்டும் வாங்கினான். நான் அப்போது லூக்காவின் பட்டியலைப் படித்திருக்கவில்லை, அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.