குக்கர் விசில் அடிக்காத வீடு: ஜோம்பிக் கதை எழுதிப் பார்க்கிறேன்

ஏழு அத்தியாயம் முடிந்திருக்கிறது. பிப்ரவரியில் தொடங்கியது, ஞாயிறு மதியம் மட்டும்தான் எழுத முடிகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீடு, உள்ளே மூன்று பேர், தெருவில் செத்தவர்கள் நடமாட்டம். கதை இவ்வளவுதான். ஆனால் ஒன்றை நேர்ந்துகொண்ட மாதிரி வைத்திருக்கிறேன்: கதையில் யார் எதைச் செய்தாலும் அதை முதலில் என் வீட்டில் செய்து பார்த்துவிட வேண்டும்.

முதல் இரண்டு அத்தியாயத்தில் ரத்தமும் ஓட்டமும்தான். அக்கா, ஆபீஸ் தோழிகள் இருவர், சித்தப்பா என நாலு பேருக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள், அதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாவதில் அந்த வீட்டுப் பெண் சாமான் அலமாரியைத் திறந்து எண்ணுகிறாள். அரிசி அரை மூட்டை, துவரம்பருப்பு இரண்டு கிலோ, பாதி சிலிண்டர், ஃப்ரிட்ஜில் ஒரு தூக்கு இட்லி மாவு. அன்று ராத்திரியே அக்கா போன் செய்தாள். "கரன்ட் போயிடுச்சுன்னு எழுதியிருக்க. அப்ப முதல்ல மாவைத்தானே தீர்க்கணும்? புளிச்சிடாதா?" தோழி ஒருத்தி, பாதி சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று தன் வீட்டுக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டாள். யாரும் செத்தவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் சமையலறையில் போய் நின்றுவிட்டார்கள்.

எனக்கு இந்த வகைக் கதைகள் பிடித்ததும் இதனால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. 1954-ல் ரிச்சர்ட் மாத்திசன் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில் வருவது ரத்தக் காட்டேரிகள், ஜோம்பிகள் இல்லை. அதிலிருந்து எனக்கு நினைவில் நிற்பது, தனியாக மிஞ்சிய ஒரு மனிதன் ஜன்னலுக்குப் பலகை அடிப்பதும், ஜெனரேட்டரைக் கவனிப்பதும், பூண்டு கோப்பதும்தான். அந்த நாவல் தந்த பொறியில் ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் பென்சில்வேனியாவின் ஒரு பண்ணை வீட்டை வைத்து 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை எடுத்தார். வெளியே செத்தவர்கள் மெதுவாகத்தான் வருகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் நிலவறைக்குப் போவதா, மேலேயே இருப்பதா என்று அடித்துக்கொள்வதுதான் குடியைக் கெடுக்கிறது. இருப்புக் கணக்கு, உள்வீட்டுச் சண்டை, இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிச்சம் வெறும் துரத்தல்தான்.

தண்ணீரை அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது வாளி செலவாகிறது. வாளி பதினைந்து லிட்டர். மேல் தொட்டி ஐந்நூறு லிட்டர், மோட்டார் ஓடாவிட்டால் நாலு நாள்கூடத் தாங்காது. இரண்டு நாள் கட்டுப்படுத்திப் பார்த்ததில் நாலு வாளிக்குக் கொண்டுவர முடிந்தது. அப்படியானால் எட்டு நாள். கதையில் எட்டாம் நாள் என்ன நடக்கிறது என்பதைத் தொட்டிதான் முடிவு செய்தது, நான் இல்லை.

அதிக நாள் பிடித்தது குக்கர். என் கதையில் செத்தவர்கள் சத்தத்துக்குத்தான் வருகிறார்கள். அப்படியென்றால் நம் வீடுகளில் முதல் எதிரி குக்கர் விசில். வெயிட் போடாமல் சோறு வடித்துப் பார்த்தேன். அரிசியை அரை மணி ஊறப்போட்டு, பாத்திரத்தில் உலை வைத்துப் போட்டால், விசில் இல்லை, சரி. ஆனால் கொதி வந்ததும் மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்தது. பகலில் காதில் விழாத சத்தம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டால், யாரோ வாசல் கிரில்லை ஆட்டுகிற மாதிரியே இருந்தது. மூடியை ஒருக்களித்து வைத்து, இடுக்கில் கரித்துணியைச் செருகியதும் நின்றது. அந்த ஐந்து நிமிடத்தை அப்படியே ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். இதுவரை எழுதியதில் எனக்கு முழுத் திருப்தி தந்த பகுதி அது.

அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கஞ்சியக் கீழ கொட்டிடாத. மிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வை. காலையில அடுப்பே பத்தவைக்க வேணாம்" என்றாள். பழைய சோற்றுக்கு காஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், சத்தமும் கிடையாது. நான் எழுதி வைத்திருந்த பாதி சிலிண்டர் கணக்கு அந்த ஒரு வார்த்தையில் நீண்டுவிட்டது.

அவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதில் ஒரு மாதம் போனது. 1968 படத்தில் யாரும் ஜோம்பி என்ற சொல்லைச் சொல்வதே இல்லை. என் தெருக்காரர்கள் என்ன சொல்வார்கள்? பேய் என்று எழுதினேன். உடனே வேப்பிலையும் மந்திரிப்பும் நினைவுக்கு வந்துவிடுகின்றன, பேய்க்குப் பரிகாரம் உண்டு என்ற தைரியம் வாசிப்பவருக்கு வந்துவிடுகிறது. பிணம் என்று எழுதினேன். பழகின மனிதரை யாரும் பிணம் என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் பெயரே வைக்கவில்லை. கதையில் அந்தச் சின்னப் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, கீழ் வீட்டு மாமா வந்திருக்காரு" என்கிறாள். மாமாவை எடுத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. செத்தபிறகும் மரியாதை விகுதி அவரைவிட்டுப் போகவில்லை. எழுதியபோது எனக்கே கை சில்லிட்டது.

ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்தது அது தீவு என்பதால். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், பாலங்களை அடைத்தால் போதும் என்றுதான் முதல் வரைபடத்தில் இருந்தது. (கோயிலுக்குள் கதையைக் கொண்டுபோகவில்லை. ஏழு சுற்று மதில் இருக்கிறதே என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை.) மே மாதம் காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் போய் நின்று பார்த்தேன். ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். கோடையில் அது தீவே இல்லை, யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம்.

அதனால் கதையை ஜூன் 12-ஐ நோக்கித் திருப்பினேன். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள். தண்ணீர் வந்துவிட்டால் பிழைத்தோம் என்று மூன்று பேரும் மாடியில் காத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு சித்தப்பா நேரில் வந்துவிட்டார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ரிடையர் ஆனவர், ஒரு வாய்க்கால் மதகு முப்பது வருஷம் அவர் கையில் இருந்தது. "திறக்கறாங்கன்னு எழுதியிருக்கியே, யாரு திறப்பா? ஷட்டர் தானா ஏறுமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். "சரி, திறந்தாச்சுன்னே வையி. முக்கொம்புல தண்ணி காவிரிக்குத்தான் போகும். கொள்ளிடத்த எவன் மூடுவான்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் வெள்ள வடிகால், காவிரி கொள்ளாத உபரிதான் அதில் திரும்பும். 2018 ஆகஸ்டில் அப்படித் திரும்பி வந்தபோது பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே சாய்ந்தன. மற்ற நாளில் மணல்தான். அப்படியானால் தெற்குக் கதவு மூடினாலும் வடக்குக் கதவு திறந்தே கிடக்கும். ஏழாம் அத்தியாயத்தை முழுக்கக் கலைத்து எழுதினேன். இப்போது அது சித்தப்பா மாதிரி ஒரு லஸ்கரின் வாக்குமூலமாக இருக்கிறது. மாக்ஸ் புரூக்ஸ் 2006-ல் வந்த 'வேர்ல்ட் வார் ஸீ' என்ற தன் ஜோம்பி நாவலை முழுக்கப் பேட்டிகளாகவே அமைத்திருப்பார். இரண்டாம் உலகப்போர் பற்றி ஸ்டட்ஸ் டெர்கல் தொகுத்த வாய்மொழி வரலாறுதான் அவருக்கு முன்மாதிரி. அந்த வடிவத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே. சித்தப்பாவின் பேச்சை என் நடையில் எழுதினால் செத்துப்போகிறது.

பயப்படுவதற்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று தோழி கேட்டாள். கொரோனா காலத்தில் 310 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. திகில் பட ரசிகர்களுக்கு மனக்கலக்கம் குறைவாக இருந்ததாம், ஜோம்பி மாதிரியான பேரழிவுப் படங்களைப் பார்ப்பவர்கள் முன்தயாரிப்போடும் இருந்தார்களாம். எனக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. 2020 ஏப்ரலில் பால்காரர் பாக்கெட்டைக் கிரில்லில் மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று, "அக்கா, எடுத்துக்குங்க" என்பார். தினமும் காபி குடித்துவிட்டுப் போகிறவரை வாசலிலேயே நிறுத்தினோம். அந்த நாலடி இன்னும் எனக்குள் இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் கிரில்லைத் தட்டப்போவது ஒரு பால்காரர்தான். உயிரோடு இருக்கிறார், கையில் கட்டு போட்டிருக்கிறார். கதவைத் திறப்பதா என்பதை மூன்று முறை எழுதிவிட்டேன், மூன்று விதமாக முடிகிறது.

அதற்கு முன் மதகு வேலை பாக்கி. கரன்ட் இல்லாமல் ஷட்டரை ஏற்ற முடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "வாய்க்கால் மதகுன்னா கையாலயே சுத்தலாம். ஆனா சத்தம் கேக்கும். கிரீஸ் போட்டு எத்தனை நாளாச்சோ" என்றார். வரும் ஞாயிறு கூட்டிப்போய்க் காட்டுகிறாராம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்று போனில் பதிவு செய்துகொண்டு வர வேண்டும்.