எட்டோஷாவில் ஓட்டுவதைவிட நிறுத்துவதே வேலை

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் பயணிகளைக் கூட்டிப்போகிறவர்களிடம் முதல் நாளே கேட்கப்படுவது, "சிங்கம் எங்கே இருக்கு? அங்கே போலாமா?" என்பதுதான். பூங்காவின் பரப்பு சுமார் 22,270 சதுர கி.மீ. அதில் ஏறக்குறைய 4,800 சதுர கி.மீ. வெறும் உப்புப் படுகை. இந்த இடத்தில் சிங்கத்தைத் தேடி ஓட்டினால் தூசியும் டீசல் செலவும்தான் மிச்சம். ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய மழை என்ற பேச்சே இல்லாததால், விலங்குகள் ஊற்றுகளுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக் குட்டைகளுக்கும் வந்தே ஆகவேண்டும். ஒரு குட்டையைத் தேர்ந்தெடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வோம். பலருக்குப் பத்து நிமிடத்திலேயே பொறுமை போய்விடும். புதர் ஓரத்தில் தயங்கி நின்ற மந்தை அந்த வண்டி கிளம்பும் சத்தத்தில் திரும்பிவிடும். நஷ்டம் பக்கத்து வண்டிக்காரருக்கும் சேர்த்துத்தான்.

நிறுத்துவதிலும் முறை உண்டு. வெயில் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். வண்டியின் மூக்கு தண்ணீரைப் பார்க்க நின்றால் பின் சீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் நிறுத்துங்கள். வெள்ளை மண்ணில் குளம்பு பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடங்கள் தெரியும். அவற்றை மறித்து நின்றால் எதுவும் வராது. கண்ணாடியை முன்கூட்டியே இறக்கிவிடவேண்டும். ஓடும் எஞ்சினின் அதிர்வு நீண்ட லென்ஸில் எடுக்கும் படத்தைக் கலங்கடித்துவிடும்.

பார்க்கவேண்டியது தண்ணீரை அல்ல, ஒட்டகச்சிவிங்கியை. அது குடிக்கும் முன் நெடுநேரம் நிற்கும், ஓரடி வைக்கும், பின்வாங்கும். முன்னங்கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்திவிட்டால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. அதனால்தான் இவ்வளவு தயக்கம். ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் குடிக்காமல் ஒரே திசையை வெறித்துக்கொண்டு நின்றால், அந்தத் திசையில் உள்ள நிழலைத் தொலைநோக்கியில் அலசுங்கள். சிங்கத்தை நாம் கண்டுபிடிப்பதைவிட அவை காட்டிக்கொடுப்பதே அதிகம்.

காலையில் வரும் நமாக்குவா கல்கௌதாரிகளைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஆண் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்றை அசைத்து அசைத்து நனைக்கும். அந்த இறகுகள் பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும்; தொலைவில் உள்ள கூட்டுக்குப் பறந்து போனதும் குஞ்சுகள் அந்த இறகிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கும். எங்கள் கணக்கில் இது யானைக் கூட்டத்துக்குச் சளைத்த காட்சி அல்ல. யானைகள் வந்துவிட்டால் குட்டை அவற்றுக்குத்தான். மற்றவை ஒதுங்கிக் காத்திருக்கும். இங்குள்ள யானைகள் உருவத்தில் பெரியவை, தந்தம் மட்டும் நீளம் குறைவு. கனிமச் சத்துக் குறைவால் அது எளிதில் உடைந்துவிடும். எருமையும் நீர்யானையும் இந்தப் பூங்காவில் கிடையாது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற 'பெரிய ஐந்து' பட்டியலோடு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கருப்புக் காண்டாமிருகத்துக்கு இரவுதான் நேரம். ஒகாகுவேயோ முகாமின் குட்டைக்கு இரவு முழுக்க விளக்கு உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஃபிளாஷ் கூடாது, பேச்சும் கூடாது. ஜூலை இரவில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று அரைக்கைச் சட்டையோடு வருகிறவர்கள் காண்டாமிருகம் வருவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஹலாலி முகாமிலும் இப்படி ஒரு குட்டை உண்டு, பெயர் மோரிங்கா. நம் முருங்கைக்கு உறவான, அடி பருத்த மரம் அந்தப் பக்கத்துக் குன்றுகளில் வளர்கிறது.

பிப்ரவரியில் வந்தால் கதை வேறு. எங்கு பார்த்தாலும் மழைநீர் தேங்கியிருக்க, குட்டைக்கு யார் வருவார்கள்? அப்போது குட்டிகளையும் பறவைகளையும் பார்க்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் படுகையில் பூநாரைகளும் இறங்கும். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவேண்டிய காலமும் அதுதான்.

வேகம் 60 கி.மீ.க்கு மேல் கூடாது. முகாம் கேட் சூரியன் உதிக்கும்போது திறந்து, மறையும்போது மூடும். ஒகாகுவேயோவிலிருந்து ஹலாலி ஏறக்குறைய 70 கி.மீ. வரைபடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பாதை. வழியில் யானை நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்கவேண்டியதுதான். மாலையில் இரண்டரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். சரளை ரோட்டில் டயர் வெடிப்பது சகஜம். வேலியிட்ட கழிப்பிடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பதால், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்பதை முகாமிலேயே பார்த்துவிடவேண்டும். முன்னால் வண்டி போனால் தூசி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலையை அறையில் வைத்துக்கொள்ளுங்கள். முகாம் பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் தீர்ந்துபோகும் நாளும் உண்டு. பூங்காவுக்கு வெளியே உள்ள ஊர்களான அவுட்ஜோவிலோ சுமெப்பிலோ டேங்க்கை நிரப்பிவிட்டே உள்ளே வாருங்கள்.

சமைக்க வாங்கிய இறைச்சி மிஞ்சினால் கடைசி இரவிலேயே சுட்டுத் தின்றுவிடுங்கள். கோமாரித் தடுப்புக்காக, தெற்கு வாசல்களில் பச்சை மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.